கிரீஷா எங்கூடப் பேசலைங்க

அந்தக் கட்டை உங்க மொழங்கால்ல இடிக்குதுங்களா தம்பி? காலைச் சித்த அக்கட்டால வெச்சுக்குங்க, நான் இதைச் சன்னலோரமாச் சாச்சுக்கறேன். பிளக்ஸ் பேனருங்க. எட்டடி. காலையில தாராபுரத்துல இருந்து கோயமுத்தூருக்கு வேன்ல வரும்போது கொழந்தையாட்ட மடியில வெச்சுட்டு வந்தேன். இப்ப பாருங்க, பழைய பாயாட்டம் சுருட்டிக் கட்டி பஸ்ல கொண்டுபோறேன்.

என்ன பேனர்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா? பரவால்லீங்க, நானே சொல்றேன். நீங்க பல்லடம்தானே எறங்கறீங்க, அதுவரைக்கும் உங்களுக்கும் சோலி இல்லை, எனக்கும் சோலி இல்லை.

உக்ரைன் நாட்டு வேளாண்மை மந்திரி இன்னைக்கு கோயமுத்தூர் வந்திருந்தாருங்க. வந்திருந்தான். அவன்னுதான் சொல்லுவேன். ஆறு வருசம் ஒரே ரூமுங்க நாங்க. ஒரே சட்டியில ஆக்கி ஒரே தட்டுல தின்னவங்க. எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப அந்தப் பனியில தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனவன். அப்பேர்ப்பட்டவன் இன்னைக்கு எங்கூட ஒரு வார்த்தை பேசலீங்க. ஒரு வார்த்தை! துரோகிங்க. வேற என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு இளஞ்சேரன். தாராபுரத்துல டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பேரைக் கேட்டாலே தெரியுமே எங்கப்பா எந்த மாதிரி ஆளுன்னு. அறுபத்தஞ்சுல இந்தி வேண்டாம்னு ஜெயிலுக்குப் போனவருங்க. தார் டின்னும் பிரசுமாப் போயி ஸ்டேசன் போர்டுல இந்தியை அழிச்சாரு. போலீஸ்காரன் லத்தியில வலது கைக் கட்டைவெரலை நொறுக்கிப்போட்டான். சாகற வரைக்கும் எடது கையிலதான் சோறு உண்டாரு. யாராவது பாவம்னா கோவம் வந்துரும் அவருக்கு. 'பாசைக்குக் குடுத்த வெரல் இது'ம்பாரு.

அந்த ரத்தம் தானுங்களே எனக்கும். போன மாசம் பேங்க்குல வடக்க இருந்து ஒரு ஆபீசர் பையன் புதுசா வந்திருந்தான். எங்கிட்ட இந்தியில கேக்கறான். நான் வாயே தொறக்கலை. 'சார், உங்களுக்கு இந்தி தெரியும்னு சொன்னாங்களே'ங்கறான் இங்கிலீசுல. எவனோ வத்தி வெச்சிருக்கான். நெசந்தான், எனக்குத் தெரியும். ரஷ்யாவுல படிக்கையில டெல்லிப் பசங்களோட சேந்து கெடந்ததுல காதுல விழுந்து ஒட்டிக்கிட்டது. நான் சொன்னேன், 'தெரியும். ஆனா பேச மாட்டேன்.' பேங்க்கே திரும்பிப் பாத்துச்சுங்க! தேங்கா மண்டி நாச்சிமுத்து, எப்பவும் என்னை நக்கல் பண்றவன், அவனே கைதட்டுனான்.

என்னங்க? ஆமா, உக்ரைன்தான். எனக்குத் தெரியாதுங்களா? அப்ப எல்லாம் ஒரே நாடு தம்பி. எல்லாத்தையும் சேத்து ரஷ்யான்னுதான் சொல்லுவோம். கார்கோவ்னு ஊரு. இப்ப அதையும் கார்கிவ்னு மாத்திட்டானுங்க.

எம்பத்திமூணுல ஸ்காலர்சிப் கெடைச்சு அங்க போனனுங்க, வேளாண் எந்திரம் படிக்கறதுக்கு. மொத வருசம் பூரா ரஷ்யன் மட்டும் படிக்கோணும். ஒரு டீச்சரம்மா, வருகைப் பதிவு எடுக்கையில என்ற பேரைப் பாத்துட்டுக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. எழுத்துக் கூட்டிப் பாத்தாங்க, வரலை. 'இதெல்லாம் ஆகாது, இனிமே நீ இல்யா'ன்னுட்டாங்க. இல்யான்னா ரஷ்யாக்காரன் பேருங்க. எனக்கு ஒரே சந்தோசம். ஊட்டுக்குக் காயிதம் போட்டேன், எனக்கு இங்க புதுப்பேரு வெச்சிருக்காங்கன்னு. எங்கப்பா அதுக்குப் பதிலே போடலை. தபால் எங்கியோ தொலைஞ்சிருக்கும்.

ரூம்ல கூட இருந்தவந்தான் கிரிகோரி. கிரீஷான்னு கூப்புடுவோம். பொல்தாவா பக்கம் ஒரு கிராமம். அப்பன் இல்லை, அம்மா கூட்டுப்பண்ணையில மாடு கறக்கறவ. நெட்டையா, சோளத்தட்டு மாதிரி இருப்பான். அவன் மட்டும் என்னை இல்யான்னு கூப்பிட மாட்டேன்னுட்டான். 'உன்ற அம்மா உன்னை என்னன்னு கூப்புடுவா?'ன்னு கேட்டான். இளஞ்சேரன்னேன். கண்ணுன்னும் கூப்புடும்னேன். ஒக்காந்து படிச்சானுங்க! அந்த 'ஞ்ச' அவன் வாயில நொழையறதுக்கு ஒரு குளிர்காலமே ஆச்சு. டீத்தண்ணி காச்சிக்கிட்டே 'ஞ்ச, ஞ்ச, ஞ்ச'ம்பான், கொசு கடிச்சவனாட்டம். எனக்குச் சிரிப்புத் தாங்காது. எதுக்குடா இந்தப் பாடு, இல்யான்னு சொல்லிட்டுப் போயேன்னா, 'அது உன்ற பேரில்லையே'ம்பான். கிறுக்கன்.

அவனும் எனக்கு அவுங்க ஊட்டுப் பாசை கத்துக்குடுக்கறேம்பான். உக்ரைன் பாசை. நான் வேண்டாம்னுட்டேன். அது காட்டுப் பாசைங்க அப்ப. டவுனுல ஒருத்தனும் பேச மாட்டான், சந்தையில காய் விக்கற கெழவிகதான் பேசுவாங்க. எல்லாருமே ரஷ்யன் பேசறப்ப எதுக்கு அது? எனக்கு ரஷ்யனே மண்டைக்கு மேல இருந்துச்சு. ஆனா ரெண்டே வருசத்துல பிச்சு ஒதறுனேன். வாத்தியாருகளே சொல்லுவாங்க, இல்யா மாஸ்கோக்காரனாட்டப் பேசறான்னு.

ஒருக்கா அவுங்கம்மா ஆஸ்டலுக்கு வந்துச்சுங்க. தலையில பூப்போட்ட துணி, ரெண்டு கையிலயும் கோணிப்பை. செர்ரிப்பழம் உள்ள வெச்ச கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டாந்துச்சு, சூரியகாந்தி வெதை கொண்டாந்துச்சு. வராந்தாவுல நின்னுக்கிட்டு 'ஹ்ரிட்ஸு, ஹ்ரிட்ஸு'ன்னு கூப்புடுது. யாரைத் தேடுதுன்னே ஒருத்தனுக்கும் புரியலை. பாத்தா நம்ம கிரீஷாதான் ஹ்ரிட்ஸு! அந்தப் பாசையில 'க' வர்ற எடத்துல எல்லாம் 'ஹ'ன்னுவாங்க. ஆஸ்டலே கூடிச் சிரிக்குது. அந்தம்மா எங்கிட்டயும் வந்து என்னமோ கேட்டுச்சு. நான் நல்லா வாய் நெறைய ரஷ்யன்ல சொன்னேன், 'அம்மா, மனுசப் பாசையில பேசுங்க'ன்னு. வார்டன் அம்மா கிராமத்துப் பசங்களைத் திட்டறப்ப சொல்றது அது, கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அப்பா, என்ன சிரிப்புங்கறீங்க! ஒருத்தன் கீழ விழுந்து உருண்டான். கிரீஷாவும் சிரிச்சான். அந்தம்மா சிரிக்கலை, காதுல சரியா விழுந்திருக்காது. எனக்கு இன்னும் ரெண்டு கொழுக்கட்டை எடுத்து வெச்சுட்டு என்ற தலையைத் தடவிக் குடுத்துச்சு. அத்தனை பாசம் எம்மேல.

அந்தம்மாவை பஸ் ஏத்திவிட்டுட்டு வந்த கிரீஷா கொஞ்ச நாள் எங்கூடப் பேசலை. ஏண்டான்னு கேட்டதுக்குப் பல்வலின்னுட்டான். அவனுக்கு அடிக்கடி பல்வலி வருமுங்க.

சூலூர் வந்துருச்சா? அந்தக் கடலைக்காரனைக் கூப்புடுங்க... வேண்டாங்களா? சரி.

எம்பத்தொம்போதுல நான் கெளம்பறப்ப ரயிலடிக்கு அம்மாவும் மவனும் ரெண்டு பேருமே வந்தாங்க. கிரீஷா தமிழ்ல சொல்லோணும்னு சொல்லி, 'இளஞ்சேரன், போ'ன்னான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சு. 'டேய், போன்னு சொல்லக்கூடாதுடா. எங்கூர்ல போறவனை போயிட்டு வான்னுதான் சொல்லுவோம். போறவனும் போறேங்க மாட்டான், வர்றேம்பான். சாவு வூட்டுல மட்டும்தான் சொல்லாமப் போவோம்'னேன். அவன் அதை அம்மாவுக்கு அவுங்க பாசையில எடுத்துச் சொன்னான். அந்தம்மா கையைத் தட்டிட்டு, எங்களுக்கும் ஒண்ணு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. நல்லா இருங்கற மாதிரி. என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லுச்சு. அதுக்குள்ள ரயில் நவுந்துருச்சு.

அப்பறம் அந்த நாடு ஒடைஞ்சுது. நான் கல்யாணம், கடைன்னு ஆயிட்டேன். ஊருக்கு இன்டர்நெட் சென்டர் வந்தப்பத்தான் அவன் பேரைப் போட்டுத் தேடுனேன். படிச்சு முடிச்சவன் பட்டணத்துல இருக்காம அந்தக் கூட்டுப்பண்ணைக்கே இஞ்சினியராத் திரும்பிப் போயிருக்கான். நாடு பிரிஞ்சப்ப சம்பளம் இல்லை, டீசல் இல்லை, ஆளாளுக்கு டிராக்டரைக் கழட்டி வித்துத் தின்னிருக்காங்க. இவன் மட்டும் ராத்திரியெல்லாம் சாவடியில படுத்துக் காவல் காத்து அறுப்பு மிசினைக் காப்பாத்துனானாம். அந்த ஊரு சனமே அவனைப் பிடிச்சு எலக்சன்ல நிக்க வெச்சிருக்குது. செயிச்சான். அடுத்த தடவை தோத்தான். மறுபடியும் செயிச்சான். மந்திரி ஆனான், ஆட்சி கவுந்து வெளிய வந்தான், திரும்பியும் மந்திரி ஆனான். எனக்குப் பெருமை தாங்கலீங்க. கடையில போட்டோவை மாட்டுனேன். நாங்க ரெண்டு பேரும் மயிர்த்தொப்பி போட்டுக்கிட்டு நிக்கற போட்டோ. வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவேன். நாச்சிமுத்து மட்டும், 'உம்பட மந்திரி வரட்டும், வந்தாத் தெரியும்'பான்.

மந்திரியானப்ப ரஷ்யன்ல வாழ்த்து எழுதிப் போட்டேன். பதிலுக்குப் புதுவருசத்துக்கு ஒரு கார்டு வந்துச்சு. பிரிச்சுப் பாத்தா ஒரே எழுத்துப்பிழை! ரஷ்யன்லயே இல்லாத எழுத்து ஒண்ணு, இங்கிலீசு 'ஐ' மாதிரி, அது தலைமேல ரெண்டு புள்ளி வேற. பேரை ஹ்ரிஹோரின்னு போட்டிருக்குது. பாவம், ஆபீஸ்ல படிச்ச ஆளுக இல்லை போலிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

யூடியூப்ல ஒரு நாள் பாராளுமன்றத்துல அவன் பேசறதைப் பாத்தனுங்க. புரியலை. பள்ளிக்கூடத்துல எந்தப் பாசையில சொல்லிக்குடுக்கோணும்னு என்னமோ சட்டமாம், அதுக்கு அடிதடி. ஆனா அவன் கையைத் தூக்கிக்கிட்டுப் பேசறதைப் பாத்தா, அப்படியே எங்கப்பா மேடையில நின்னு பேசறாப்பலவே இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

என்னங்க? அட, அது வேற இது வேற தம்பி. எங்கப்பா கதையை அவனோட சேக்காதீங்க.

சரி, இன்னைக்குக் கதைக்கு வாங்க. சூரியகாந்தி எண்ணெய் விக்கறதுக்காக அவன் கோயமுத்தூர் வர்றான், பெரிய ஓட்டல்ல வியாபாரிக கூட்டம்னு பேப்பர்ல பாத்தேன். அங்க ரஷ்யாவோட சண்டை நடக்குது, கப்பல் போகமாட்டேங்குது, அதுலயும் வெதைச்சதை வித்தாகோணுமே. நான் ஆளைப் பிடிச்சு, வியாபாரிக சங்கத்துல பேசி, பாஸ் வாங்கிட்டேன். நாச்சிமுத்து மொதக்கொண்டு பத்துப் பேரு வேன் வெச்சு வந்தாங்க, நானும் மந்திரியும் கட்டிப் புடிக்கறதைப் பாக்கறதுக்கு. நம்மூருல மந்திரி வந்தா பேனர் இல்லாம இருக்குங்களா? அந்தப் போட்டோவைப் பெருசாப் போட்டு, மேல தமிழ்ல 'வருக வருக'ன்னு போட்டு, கீழ ரஷ்யன் எழுத்துல 'நல்வரவு கிரீஷா, உன் இல்யா'ன்னு போட்டேன். பிளக்ஸ் கடைக்காரனுக்கு அந்த எழுத்து வரலை. நானே பக்கத்துல ஒக்காந்து ஒவ்வொரு எழுத்தா அடிக்க வெச்சேன். ஒரு பிழை கெடையாது.

வாசல்லயே கட்டியிருந்தேன். கார்ல இருந்து எறங்குனான். தலை பூரா வெள்ளை, கொஞ்சம் கூன் விழுந்திருக்குது. பேனரைப் பாத்தான். நின்னுட்டான். போட்டோவையே பாத்தான், மொகம் அப்படியே பூத்துச்சுங்க, எம்பத்தாறாம் வருசத்து மொகம். அப்பறம் கண்ணு கீழ எறங்குச்சு. எழுத்தைப் படிச்சான். மொகம் செத்துப் போச்சு. கூட வந்த ஒருத்தன் சங்கத்து ஆளு காதுல என்னமோ சொன்னான். ரெண்டு பேரு ஓடியாந்து பேனரை அவுக்கறாங்க! என்ற கண்ணு முன்னால, நாச்சிமுத்து கண்ணு முன்னால.

நான் விடலீங்க. உள்ள பூந்து ரஷ்யன்ல கத்துனேன், 'கிரீஷா! நாந்தான், இல்யா!' திரும்பிப் பாத்துட்டு நேரா வந்தான். என்ற ரெண்டு கையையும் புடிச்சான். 'இளஞ்சேரன்'னான். பாருங்க, இல்யான்னு கூப்புடலை. அந்த 'ஞ்ச' எல்லாம் சுத்தமா வெச்சு, யாரோ ஊருக்காரனைக் கூப்புடறாப்பல முழுப்பேரைச் சொல்றான். சரி போகுதுன்னு நான் ரஷ்யன்ல கொட்டுனேன். முப்பத்தஞ்சு வருசத்துப் பேச்சு, வயித்துல கெடந்தது பூராக் கொட்டுனேன். எல்லாத்தையும் கேட்டான். ஒரு சொல்லு விடாமக் கேட்டான், மொகத்துல தெரிஞ்சுது. கேட்டுட்டு, பக்கத்துல நின்ன பொண்ணுகிட்டத் திரும்பி அவுங்க பாசையில பேசறான். அந்தப் பொண்ணு எங்கிட்ட இங்கிலீசுல சொல்லுது, 'அமைச்சருக்கு உங்களைப் பாத்ததுல ரொம்ப மகிழ்ச்சி, உங்க அம்மா நல்லா இருக்காங்களான்னு கேக்கறார்.'

எனக்குப் பொக்குனு போச்சுங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பொண்ணு நின்னு, எங்க ரெண்டு பேரோடதும் இல்லாத ஒரு பாசையில பேசுது. நான் அதுகிட்டயே கேட்டேன், 'ஏம்மா, அவனுக்கு ரஷ்யன் தெரியுமே, எங்கிட்ட நேராப் பேசறதுல என்ன கொறைஞ்சு போச்சு?' அவன் பதில் சொன்னான். பொண்ணு சொல்லுச்சு: 'தெரியுமாம். ஆனா பேச மாட்டாராம்.'

பாத்தீங்களா தம்பி திமிரை? தெரியுமாம். ஆனா பேச மாட்டானாம். சிநேகிதங்கிட்ட! ஏன் சிரிக்கறீங்க? சிரிக்கலீங்களா? வெளிச்சம் அப்படி விழுந்துச்சு போல.

நானும் மானத்தை வுட்டுட்டு இங்கிலீசுலயே கேட்டேன், நம்ம ரூம் எப்படி இருக்குதுன்னு. பொண்ணு அவனைப் பாத்துட்டு மெதுவாச் சொல்லுச்சு, நாங்க இருந்த நாலாவது மாடியே அந்தக் கட்டடத்துக்கு இப்ப இல்லைன்னு. அவன் அம்மா? போன வருசம் போயிட்டாங்களாம். குண்டு விழுந்தப்பவும் ஊரை விட்டு வர மாட்டேன்னுட்டாங்களாம். கடைசி வரைக்கும் என்னைக் கேப்பாங்களாம், 'அந்தக் கறுப்புப் பையன் நம்ம பாசையில ஒரு வார்த்தையாவது கத்துக்கிட்டானா'ன்னு. எனக்கு வெசனமாப் போச்சு. நல்ல பொம்பளைங்க. ஆனா அந்த நேரத்துல இதை எதுக்குச் சொல்லோணும்?

கூட்டம் முடிஞ்சு கெளம்பறப்ப மறுபடியும் என்னைத் தேடி வந்தான். கூட இருந்த ஆளுகளைத் தள்ளி நிக்கச் சொன்னான், அந்தப் பொண்ணையுந்தான். சரி, இப்பத்தான் பேசப்போறான்னு நெனச்சேன். கையைப் புடிச்சான். 'வர்றேன், கண்ணு'ன்னான்.

அவ்வளவுதான். சொல்லிட்டு நிக்கறான். கையை விடமாட்டேங்கறான், மொகத்தையே பாக்கறான். எதுக்கோ காத்துக்கிட்டிருக்கறவனாட்டம். கார் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு அங்க நிக்கறாங்க. நான் என்ன சொல்றது? நல்ல சுத்தமான ரஷ்யன்ல, அவனுக்குப் புடிக்குமேன்னு 'தஸ்விதானியா, கிரீஷா'ன்னேன். மறுபடியும் பாப்போம்னு அர்த்தம். மெள்ளக் கையை விட்டுட்டானுங்க. விட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம கார்ல ஏறிட்டான். நாச்சிமுத்துதான் பேனரை எடுத்துச் சுருட்டிக் கட்டி எங்கையில குடுத்தான். அவன் நக்கல் பண்ணாததுதான் எனக்குத் தாங்கலை. அதான் வேனை விட்டுட்டு சிங்காநல்லூர்ல வந்து இந்த பஸ்ஸைப் புடிச்சேன்.

இல்லீங்க, அது பேச்சா? 'வர்றேன் கண்ணு'ங்கறது தமிழுங்க. அது நான் கத்துக்குடுத்தது. அதைத்தானே எனக்கே திருப்பிக் குடுக்கறான்? அவன் பங்குக்கு என்ன பேசுனான்? ரஷ்யன்ல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் அங்கியே அவன் கால்ல விழுந்திருப்பேன்.

அந்தம்மா ரயிலடியில சொல்லுச்சே, ஒரு வார்த்தை. அப்ப இருந்து நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். 'பு'ன்னு தொடங்கும். பு... புவா... வாய்க்குள்ளயே சுத்துது, வர மாட்டேங்குது. ரயில் மட்டும் ஒரு நிமிசம் நின்னிருந்தா சொல்லியிருப்பேன். அது கெடக்கட்டும். இப்ப அதை வெச்சு என்ன பண்றது, சொல்றதுக்கு அந்தம்மாவும் இல்லை.

இந்த பேனரைக் கடை முன்னால வெயிலுக்குக் கட்டிக்கறேன். எழுத்தெல்லாம் உள்பக்கமா மடிஞ்சு வர்றாப்பல. போட்டோ மட்டும் வேணும்னா வெளிய தெரியட்டும்.

பல்லடம் வந்துருச்சுங்களா? எந்திரிங்க, பையை எடுத்துக்குங்க. ஏனுங்க தம்பி, என்ன சொன்னீங்க, போறேன்னா? அப்படிச் சொல்லாதீங்க சாமி. வர்றேன்னு சொல்லிட்டு எறங்குங்க. குண்டு விழுகற ஊருக்குத் திரும்பிப் போறவன், அவனுக்கே 'வர்றேன்'னு சொல்லத் தெரியுது.